தலைவர் இல்லாமல் ஒரு சங்கம் நடக்குமா?

"எஞ்சின் இல்லாத ரயிலை யாராவது பார்த்திருக்கிறீர்களா?" என்று 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடந்த ஒரு சிறு கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டவன் நான். கைதட்டல்கூடக் கிடைத்தது. கேள்வியே தவறு என்று எனக்குப் புரிய ஏறக்குறைய ஓராண்டு ஆயிற்று. அந்த ஓராண்டைப் பற்றியும் அதன் பிறகு கற்றதைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை.

கூட்டம் எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதியில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பும் அதையொட்டி ஒரு சிறு நூலகமும் நடந்து வந்தன. பெரிய சங்கம் அல்ல. நாற்பது குடும்பங்கள், இரண்டு பீரோ புத்தகங்கள், வாடகைக்கு எடுத்த ஒரு பள்ளி அறை, அவ்வளவுதான். பதினான்கு ஆண்டுகள் ஒரே பெரியவர் தலைவராக இருந்து நடத்தினார். நடத்தினார் என்றால் உண்மையாகவே அவர் ஒருவர்தான் நடத்தினார். அறைச் சாவி அவரிடம். பாஸ் புத்தகமும் ரசீதுப் புத்தகமும் அவரிடம். பள்ளியில் யாரிடம் பேச வேண்டும் என்பதுகூட அவருக்கு மட்டுமே தெரியும். நாங்கள் ஆண்டுக்கு ஒருமுறை பொதுக்குழுவுக்குப் போய், சுண்டல் சாப்பிட்டு, "அவரே தொடரட்டும்" என்று கை தூக்கிவிட்டு வருவோம்.

2018 மழைக்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. வங்கிக் கணக்கில் கூடவே கையெழுத்திட வேண்டிய பொருளாளர் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே காலமாகியிருந்தார். அவர் பெயரை மாற்ற வேண்டும் என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. ஐந்து மாதம் பணத்தைத் தொட முடியவில்லை. வாடகை நின்றது, அறை கை மாறியது, வகுப்பும் நின்றது. இருபத்திரண்டு பிள்ளைகள் வந்துகொண்டிருந்த இடத்தில், மறுபடி தொடங்கியபோது ஒன்பது பேர்தான் வந்தார்கள். வராமல் போன பதின்மூன்று பேரில் ஒருவன் என் மகள் வயிற்றுப் பேரன். உயிரெழுத்தோடு நின்றுவிட்டான். இன்று நன்றாக இந்தி படிக்கிறான், மராத்தி படிக்கிறான். இந்த இதழை அவனிடம் கொடுத்தால் படம் மட்டும் பார்ப்பான்.

பெரியவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் கேட்டு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. நாங்கள்தான் ஒவ்வொன்றாக அவர் தலையில் ஏற்றிவிட்டு நிம்மதியாக இருந்தோம்.

நிற்க. அந்த ஜூன் கூட்டத்தில், இனித் தலைவர் என்று ஒருவர் வேண்டாம், வேலைகளைப் பிரித்துக்கொண்டு எல்லோருமாக நடத்துவோம் என்று ஒரு யோசனை வந்தது. அதற்குத்தான் நான் எஞ்சின் கேள்வி கேட்டேன். பின் வரிசையில் இருந்த ஓர் இளம் தாய் எழுந்தார். "சார், ரயிலை இழுக்கிறது எஞ்சின்தான். ஆனா அடுத்த ஸ்டேஷனுக்குப் போகலாமா கூடாதான்னு முடிவு பண்றது எஞ்சினா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவருடைய தகப்பனார் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் தண்டவாளத்தோடு குடித்தனம் நடத்திய எனக்கு அன்று பதில் வரவில்லை.

ரயில்வேயில் இல்லாத அன்பர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். ஒற்றைத் தடத்தில் இரண்டு நிலையங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நடுவில் எட்டுப் பத்து கிலோமீட்டர். இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் வண்டி புறப்பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த எண்பதுகளில் பல இடங்களில் நீல்ஸ் பால் டோக்கன் என்ற கருவி இருந்தது. நிலையத்துக்கு ஒன்றாக இரு கருவிகள், மின்கம்பியால் இணைக்கப்பட்டவை. உள்ளே உலோகப் பந்துகள் இருக்கும். இந்த நிலையத்தில் ஒரு பந்தை வெளியே எடுக்க வேண்டுமானால் அடுத்த நிலையத்து மாஸ்டர் தம் கருவியில் சம்மதம் கொடுக்க வேண்டும். இதற்கு லைன் கிளியர் என்று பெயர். ஒரு பந்து வெளியே வந்துவிட்டால், அது இரண்டில் ஏதாவது ஒரு கருவிக்குள் திரும்பப் போகும்வரை எந்தப் பக்கமும் இன்னொரு பந்து வராது. அந்தப் பந்து கையில் இருந்தால்தான் டிரைவர் அந்தப் பகுதிக்குள் நுழையலாம். பந்தைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி, ஓடுகிற வண்டியில் டிரைவர் கை நீட்டி வாங்கிக்கொள்ளும் காட்சி என் தலைமுறைக்கு மறக்காது.

இந்த இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்களில் எவரும் மற்றவருக்கு மேலதிகாரி அல்ல. நடுவில் கிடக்கும் பாதை இருவருக்கும் பொது. ஒருவர் கேட்கிறார், மற்றவர் கொடுக்கிறார். இதைவிட முக்கியம், அவர் எதைக் கேட்கிறார் என்பது. "இந்த வண்டி உமக்குப் பிடித்திருக்கிறதா?" என்று கேட்பதில்லை. "உம் பக்கம் தடை ஏதும் உண்டா?" என்றுதான் கேட்கிறார். தடை இருந்தால் சம்மதம் கிடையாது. இல்லையென்றால் கொடுத்தே ஆக வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரயில்வேயில் மேலதிகாரிகளுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் கீமேன் என்றொரு தொழிலாளி இருக்கிறார். தினமும் தம் பங்குப் பாதையை நடந்து பார்த்து, சாவிகளை அடித்து இறுக்கிக்கொண்டு போவார். சம்பளப் பட்டியலில் அவர் கீழ்ப்பகுதியில் இருப்பவர். தண்டவாளத்தில் முறிவு ஒன்றைப் பார்த்துவிட்டால், ராஜதானியே வந்தாலும் சிவப்புக் கொடி காட்டி நிறுத்தலாம், நிறுத்த வேண்டும். அகலப் பாதையில் 600 மீட்டரில் குறுக்கே பானர் கொடி, 1,200 மீட்டரில் பத்து மீட்டர் இடைவெளி விட்டு மூன்று டெட்டனேட்டர் வெடிகள் என்று விதி இருக்கிறது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அத்தனை படிக்கட்டுகள் உள்ள ரயில்வேகூட ஆபத்து வரும் இடத்தில் அதிகாரத்தைப் பதவியில் வைக்கவில்லை. அந்த நேரத்தில் அந்த வேலையைச் செய்பவர் கையில்தான் வைத்தது. கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தபின் எனக்கு இது உறைத்தது. ஆனாலும் அரை மனதாகத்தான் சம்மதித்தேன்.

"சட்டம் ஒத்துக்கொள்ளுமா?" என்பது அடுத்த சந்தேகம். எங்கள் நண்பர் ஒருவர் 1860ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தை எடுத்துக்கொண்டு வந்தார். சிறிய சட்டம்தான், ஒரு மாலையில் படித்துவிடலாம். ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம். நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆட்சிக் குழு வேண்டும் என்கிறது. அந்தக் குழுவினரின் பட்டியலை ஆண்டுதோறும் பதிவாளரிடம் கொடுக்கச் சொல்கிறது. தலைவர் என்று ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. வழக்கு என்று வந்தால் யார் பெயரில் தொடுப்பது? தலைவர், செயலாளர் அல்லது அறங்காவலர் பெயரில், சங்க விதிகளில் உள்ளபடி. விதியில் எதுவும் இல்லாவிட்டால், ஆட்சிக் குழு அதற்கென்று நியமிக்கும் ஒருவர் பெயரில் தொடுக்கலாம். மாநிலத்துக்கு மாநிலம் திருத்தங்கள் உண்டு. தமிழ்நாட்டில் 1975இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. மகாராஷ்டிரத்தில் பொது அறக்கட்டளைச் சட்டமும் சேர்ந்து வரும். பொறுப்பாளர்கள் மாறினால் 90 நாளுக்குள் அறக்கட்டளை ஆணையர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். எங்கள் பழைய பொருளாளர் விஷயத்தில் நாங்கள் செய்யாமல் விட்டது இதைத்தான். மற்ற ஊர் அன்பர்கள் தங்கள் மாநில விதியைப் பார்த்துக்கொள்ளவும்.

சட்டம் இடம் கொடுத்தாலும், நடைமுறையில் எங்காவது நடந்திருக்கிறதா? இதற்கு மும்பையில் இருப்பவர்கள் தொலைவு போக வேண்டாம். நாம் சாம்பார் சாதத்தோடு பொரித்துச் சாப்பிடும் லிஜ்ஜத் அப்பளமே இருக்கிறது.

1959 மார்ச் 15ஆம் தேதி, கிர்காவில் ஒரு பழைய கட்டடத்தின் மொட்டை மாடியில் ஏழு குஜராத்திப் பெண்மணிகள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இடத் தொடங்கினார்கள். முதல் நாள் நான்கு கட்டு. கடன் கொடுத்தவர் சகன்லால் கரம்சி பாரேக் என்ற சமூக சேவகர். அவர் கொடுத்த அறிவுரையில் இரண்டு முக்கியமானவை: தரத்தில் விட்டுக்கொடுக்காதே, கணக்கை ஒழுங்காக எழுது. முதல் ஆண்டு மழையில் அப்பளம் காயாமல் நான்கு மாதம் வேலை நின்றுபோயிற்று. அடுத்த மழைக்குக் கட்டிலும் அடுப்பும் வாங்கி, கட்டில்மேல் அப்பளத்தைப் பரப்பிக் கீழே அடுப்பு மூட்டிக் காய வைத்தார்கள். ஆட்கள் பெருகி மாடி கொள்ளாமல் போனபோது, மாவை மட்டும் ஓரிடத்தில் பிசைந்து, அவரவர் வீட்டுக்குக் கொடுத்து, மறுநாள் அப்பளமாக வாங்கிக்கொண்டு கூலியையும் அன்றே கொடுத்தார்கள். இன்றுவரை அடிப்படை முறை அதுதான். இன்று உறுப்பினர்கள் 45,000 பேருக்கு மேல்.

1966இல் இதையும் நான் மேலே சொன்ன 1860ஆம் ஆண்டுச் சட்டப்படிதான் பதிவு செய்தார்கள். உறுப்பினர் எல்லோரும் பெண்கள், எல்லோரும் பங்காளிகள், ஒருவரை ஒருவர் "பென்" என்று, அதாவது சகோதரி என்றே அழைக்கிறார்கள். ஆண்கள் கணக்கு எழுதவும் வண்டி ஓட்டவும் சம்பளத்துக்கு இருக்கலாம், உரிமை கிடையாது. 21 பேர் கொண்ட நிர்வாகக் குழு உண்டு. தலைவி, செயலாளர் என்ற பெயர்களும் உண்டு. ஆனால் அவர்கள் அப்பளம் இட்ட சகோதரிகளிலிருந்து வந்தவர்கள். முடிவுகள் ஒருமித்த கருத்தில்தான். ஒரு சகோதரி கூடாது என்றாலும் நிற்கும்.

முற்றிலும் சமமாக நடக்கும் இடம் என்று நான் வாதாட வரவில்லை. இவ்வளவு பெரிய நிறுவனத்தில் படிகள் இல்லாமல் இராது. நான் கவனித்தது வேறு. ஆட்கள் சமமாக இருக்கும் அந்த இடத்தில் வேலை மட்டும் துளிகூடத் தளர்வாக இல்லை. மாவு ஒரே இடத்தில் ஒரே அளவில். அப்பளம் சோதித்த பிறகே வாங்கப்படும். கணக்கு அன்றன்றே. மேலே நின்று பார்த்துக்கொள்ள எஜமானர் இல்லாததால்தான் இத்தனை விதி வேண்டியிருக்கிறது. நாங்கள் செய்த முதல் தவறு இதை அறியாததுதான்.

தலைவர் வேண்டாம் என்று முடிவு செய்தோமே தவிர, அதற்குப் பதில் எதையும் எழுதி வைக்கவில்லை. "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்று கலைந்தோம். 2020 பொங்கலுக்கு மண்டபம் எடுக்க வேண்டும். ஒருவர் இன்னொருவர் எடுத்திருப்பார் என்று நினைத்தார். அவர் மூன்றாமவரை நினைத்தார். ஜனவரி முதல் வாரத்தில் விசாரித்தால் மண்டபம் வேறு ஒரு திருமணத்துக்குப் போயிருந்தது. ஒரு கட்டடத்தின் வாகன நிறுத்துமிடத்தில் ஸ்கூட்டர்களை ஒதுக்கிவிட்டுப் பொங்கல் வைத்தோம். "பார்த்தீர்களா, எஞ்சின் இல்லை" என்று நான் கொஞ்சம் குதூகலமாகவே சொன்னேன்.

அதைவிடப் பெரிய குறையை அந்த இளம் தாய்தான் சுட்டிக் காட்டினார். "சார், தலைவர் இல்லைன்னு சொல்றோம். ஆனா யாரு என்ன பேசினாலும் முதல்ல உங்க முகத்தைப் பார்த்துட்டுத்தான் பேசுறாங்க. நீங்க தலையை ஆட்டலைன்னா அந்த விஷயம் அங்கேயே முடிஞ்சுபோகுது." எனக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தால் உண்மை. ஓய்வூதியக்காரன், வயதானவன், எல்லோருக்கும் போன் செய்ய நேரம் உள்ளவன். நானும் இன்னும் மூன்று நண்பர்களும் மாலை நடைப்பயிற்சியில் பேசி முடித்ததைத்தான் ஞாயிறு கூட்டத்தில் எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். தலைவர் போய், பெயரில்லாத நான்கு தலைவர்கள் வந்திருந்தோம். பெயர் இருந்தால் கணக்குக் கேட்கலாம், மாற்றலாம். எங்களை எப்படி மாற்றுவது?

இது எங்களுக்கு மட்டும் வந்த நோய் அல்ல. அமெரிக்காவில் 1960களின் பிற்பகுதியில் எழுந்த பெண் விடுதலைக் குழுக்கள் பல, தலைவரே வேண்டாம் என்ற கொள்கையோடு தொடங்கின. அவற்றில் பங்கு கொண்ட ஜோ ஃப்ரீமன் என்ற பெண்மணி 1970இல் ஆற்றிய உரை பிறகு கட்டுரையாக வந்து பெயர் பெற்றது. "அமைப்பின்மையின் கொடுங்கோன்மை" என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். எந்தக் குழுவிலும் ஏதோ ஓர் அமைப்பு இருந்தே தீரும் என்பது அவர் வாதம். அதை வெளிப்படையாக எழுதி வைக்காவிட்டால், ஏற்கெனவே நண்பர்களாக இருக்கும் சிலர் கையில் அது போய்விடும்; புதிதாக வருபவருக்கு விதி என்ன என்றே தெரியாது. மருந்தும் சொல்கிறார். குறிப்பிட்ட வேலைக்குக் குறிப்பிட்ட ஆளைக் குழுவே நியமிப்பது, அவர் குழுவுக்குப் பதில் சொல்வது, வேலை கை மாறிக்கொண்டே இருப்பது, செய்தி எல்லோருக்கும் போய்ச் சேர்வது. கை மாறுவதும் மிக விரைவாகக் கூடாது, வேலையைக் கற்றுக்கொள்ளவாவது நேரம் வேண்டும் என்கிறார். எங்கள் மாலை நடைப்பயிற்சியை நேரில் பார்த்து எழுதியது போல் இருந்தது!

வேலை கை மாற வேண்டும் என்பது நமக்குப் புதிதும் அல்ல. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியவை, ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று வேலைக்கொரு குழுவைச் சொல்கின்றன. முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை எடுத்து ஆட்களைத் தேர்ந்தார்கள். பதவி 360 நாள். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயர் குடத்தில் போகாது. கணக்குக் காட்டாதவர் பெயரும் போகாது, அவருடைய உறவினர் பெயரும் போகாது! நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே அந்த ஓலையில் இடம் இருந்தது என்பதையும் மறைக்க வேண்டாம். ஆனால் கணக்கைப் பற்றிய அந்த விதியை எழுதியவர் ஏதோ ஒரு பொருளாளரிடம் பட்டிருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

2020 பிப்ரவரியில் ஒரு நூறு பக்க நோட்டு வாங்கினோம். வகுப்பு, நூலகம், பணம், அறையும் சாவியும், விழா என்று ஐந்து வேலைகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம். அந்த வேலையில் என்னென்ன, எந்த மாதம் எது, யாரிடம் பேச வேண்டும், எந்த எண் என்று முழுவதும் எழுதினோம். ஒவ்வொரு வேலைக்கும் ஒருவர் பெயர், கூடக் கற்றுக்கொள்ளும் ஒருவர் பெயர். அடுத்த ஜூனில் கற்றுக்கொண்டவர் பொறுப்புக்கு வருவார், பழையவர் விலகுவார். வேலைக்கு உரிய தொகைக்குள் அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதுதான் அவர் கையில் உள்ள டோக்கன். வங்கியில் மூன்று பேர் கையெழுத்து, அதில் எந்த இருவரும் போதும். மாதக் கணக்கு முதல் ஞாயிறு அன்று பீரோக் கதவில் ஒட்டப்படும், வாட்ஸ்அப்பிலும் வரும். கூட்டத்தை நடத்துவது அகர வரிசையில் ஒவ்வொரு குடும்பமாக. கூட்டத்தில் வயதில் மூத்தவர்கள் கடைசியில்தான் பேச வேண்டும் என்ற விதி என்னை மனதில் வைத்து எழுதப்பட்டது. மார்ச்சில் ஊரடங்கு வந்து அறை மூடப்பட்டபோது, வகுப்புப் பொறுப்பில் இருந்தவர் யாரையும் கேட்காமல் அடுத்த வாரமே போனில் வகுப்பை ஆரம்பித்துவிட்டார். பழைய நாளாயிருந்தால் தலைவர் என்ன சொல்கிறார் என்று காத்திருப்போம்.

முடிவெடுப்பதற்கு லைன் கிளியர் முறைதான். வகுப்பைச் சனிக்கிழமை மாலைக்கு மாற்றலாமா என்று 2022இல் கேள்வி வந்தது. வாக்கெடுத்திருந்தால் பெரும்பான்மை சுலபமாக வென்றிருக்கும். "யாருக்காவது தாங்க முடியாத தடை உண்டா?" என்று கேட்டோம். மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் ஒரு தாய், சனி மாலை தமக்கு எப்போதும் பணி என்றார். பிடிக்கவில்லை என்பது வேறு, முடியாது என்பது வேறு. வகுப்பு ஞாயிறிலேயே இருந்தது, நேரம் மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிப் போயிற்று. நாற்பது குடும்பம் உள்ள இடத்தில் ஒரு வாக்கெடுப்பில் தோற்ற நான்கு குடும்பம் வராமல் நின்றால், பத்தில் ஒரு பங்கு போயிற்று என்று அர்த்தம்.

தொல்லைகளும் உண்டு. கூட்டம் நீளும், ஒரு முறை நூலகப் பீரோவுக்கு என்ன நிறம் என்று முக்கால் மணி நேரம் பேசினோம். விழாவுக்கு அழைக்கப் போனால், "அத்யக்ஷ் கோன் ஹை?" என்று கேட்கிறார்கள், ஐந்து பேர் சிரித்துக்கொண்டு நின்றால் நன்கொடை கொடுப்பவருக்குச் சந்தேகம் வருகிறது. அவசரத்துக்கு இந்த முறை உதவாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ரயில் விபத்து நடந்த இடத்தில் பொறுப்பு ஒருவரிடம்தான் இருக்கும். அங்கே கருத்துக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. எங்கள் குடும்பங்களில் ஒருவர் இறந்து உடலை ஊருக்கு அனுப்ப வேண்டி வந்தால், முதல் போனை எடுத்தவர்தான் உடல் ஊர் போய்ச் சேரும்வரை பொறுப்பாளர். மற்றவர்கள் அவர் சொன்னதைச் செய்ய வேண்டும். கணக்கெல்லாம் பிறகு. இதையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறோம். இரண்டு முறை தேவைப்பட்டது.

போன ஜூனில் ஐந்தாவது முறையாகச் சாவி கை மாறியது. பணப் பொறுப்பு இப்போது கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணிடம். 2018இல் நின்றுபோன பதின்மூன்று பேரில் ஒருத்தி. பதினாறு வயதில் தானாகத் திரும்பி வந்து மறுபடி அரிச்சுவடியிலிருந்து படித்தவள். எனக்கு இந்த ஆண்டு நூலகத்தில் கற்றுக்கொள்பவர் இடம், அதாவது கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை போடும் வேலை. பழுப்புத் தாள் வாங்கிய எழுபது ரூபாய்க்கு ரசீது எங்கே என்று அந்தப் பெண் இரண்டு முறை போன் செய்துவிட்டாள். கடைக்காரரிடம் வாங்க மறந்துவிட்டேன். நாளை போக வேண்டும்.